பெயரோடு ஒரு படம்

சனிக்கிழமை பிற்பகல். கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாகக் கோலசிலாங்கூருக்குச் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் மகிழுந்துகள் வரிசைபிடித்து வருகின்றன. 2011-ஆம் ஆண்டில் விரைவுச்சாலை திறக்கப்பட்ட பிறகு, கோலாலம்பூர்ப் பக்கமிருந்து ஈஜோக் வழியாகவும் வருகின்றன. வருபவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். புக்கிட் மெலாவத்தியில் குரங்குகளோடு ஒரு படம். பாசிர் பெனாம்பாங்கில் கடலுணவு. இருட்டியதும் கம்போங் குவாந்தானில் மின்மினிப்பூச்சிகள். பிறகு வந்த வழியே வீடு.

வழியில் செம்பனைத் தோட்டங்களுக்குள் பிரியும் மண்சாலைகள் இருக்கின்றன. அந்தச் சாலை முனையில் ஒரு சிறிய முனீஸ்வரர் கோவில், நிறம் மங்கிய ஒரு பெயர்ப்பலகை, கதவு பூட்டிய ஒரு பழைய கடை. அங்கே எந்த மகிழுந்தும் நிற்பதில்லை.

வெளியூரார் நிற்காததில் வியப்பு ஒன்றுமில்லை. உள்ளூரில் வாழும் நாம் நிற்கிறோமா என்பதுதான் என் கேள்வி. ஒருமுறை நான்காம் படிவ மாணவர்கள் சிலரிடம், “உங்கள் கைப்பேசியில் உள்ள படங்களில் உங்கள் ஊரின் படம் ஒன்றைக் காட்டுங்கள்” என்றேன். இரட்டைக் கோபுரம் வந்தது. பேரங்காடி வந்தது. விதவிதமான உணவுத் தட்டுகளும் நண்பர்களின் முகங்களும் வந்தன. ஒரு மாணவனிடம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. அவனுடைய தாத்தா பிறந்து வளர்ந்த தோட்டம் அவன் வீட்டிலிருந்து இரண்டே கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று கேட்டேன். “அங்கே என்ன சார் இருக்கு?” என்றான்.

அந்தக் கேள்விக்கு விடைதான் இந்தக் கட்டுரை. யாரும் கவனிக்காத நம் ஊர்களை நாமே நடந்து பார்க்க வேண்டும். படம் எடுக்க வேண்டும். எடுத்த படத்தில் உள்ளவர்களின் பெயரையும் இடத்தையும் எழுதிவைக்க வேண்டும். இதை வெறும் பொழுதுபோக்கு என்று நான் கருதவில்லை. இன்றைய இளையோரால் மட்டுமே செய்யக்கூடிய கடமை என்று கருதுகிறேன்.

முதலில், அங்கே என்ன இருக்கிறது? பெஸ்தாரி ஜெயாவை எடுத்துக்கொள்வோம். முன்பு அதன் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. அதன் அருகே ‘தென்னமாரம்’ என்றொரு தோட்டம் உண்டு. தமிழ் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயர் உடனே புரியும். அது நம் தென்னை மரம்தான். 1917-ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அங்குதான் அமைந்தது. அதை உருவாக்கியவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அவர் தமிழும் மலாயும் கற்றவர். மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்காக 1930-ஆம் ஆண்டில் பிரான்சின் உயரிய இலக்கியப் பரிசான கொன்கூர் பரிசைப் பெற்றார். இன்று உலகச் செம்பனை எண்ணெய் உற்பத்தியில் மலேசியா முன்னணியில் நிற்பதற்கான தொடக்கம் இந்தக் கோலசிலாங்கூர் மண்ணில் நிகழ்ந்தது.

ஃபோக்கோனியேயின் பெயர் வரலாற்று நூல்களில் இருக்கிறது. அது இருக்க வேண்டியதுதான். ஆனால், காட்டை அழித்தவர்கள், குழி வெட்டியவர்கள், கன்று நட்டவர்கள், குலை சுமந்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் எங்கே? ஒரு தோட்டத்தின் பெயரில் தமிழ் இருக்கிறது. அங்கு உழைத்த தமிழர்கள் பெரும்பாலோரின் பெயர்கள் நூல்களில் இல்லை.

படங்களின் நிலையும் இதுதான். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தோட்டத் தொழிலாளர்களைப் படம் எடுக்காமல் இல்லை. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இயங்கிய நிழற்பட நிலையங்கள் அத்தகைய படங்களை அஞ்சலட்டைகளாக அச்சிட்டு விற்றன. வாளியோடும் கத்தியோடும் நிற்கும் ஆண்களும், மூக்குத்தி அணிந்த பெண்களும் அவற்றில் இருக்கிறார்கள். படத்தின் கீழே அவர்களின் இனத்தின் பெயரோ தொழிலின் பெயரோ மட்டும் இருக்கும். அவர்களுடைய சொந்தப் பெயர் இருக்காது. படக்கருவி வேறு யாருடைய கையிலோ இருந்தது. அந்தக் கைக்குப் பெயர் தேவைப்படவில்லை.

இதன் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது ஒரு நடையின்போதுதான். ஐந்து மாணவர்களோடு ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தோம். பழைய லயத்தில் நான்கைந்து வீடுகளில் மட்டுமே ஆள் இருந்தது. மற்ற வீடுகளின் திண்ணைகளில் புல் முளைத்திருந்தது. ஆயாக்கொட்டகை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் எஞ்சியிருந்தது. பெரட்டுக்களத்தின் ஓரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிழல் பரப்பி நின்றது.

ஒரு வீட்டு வாசலில் பாட்டி ஒருவர் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மாணவன் ஒருவன் அருகில் சென்று, “பாட்டி, உங்கள ஒரு படம் எடுக்கலாமா?” என்று கேட்டான். “இரு தம்பி, முகத்தக் கழுவிட்டு வரேன்” என்று உள்ளே போனவர், வேறு சேலை உடுத்தி, நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு வந்தார். கையில் ஒரு சட்டமிட்ட படம் இருந்தது.

அது தோட்ட அலுவலகத்தின் முன் எடுத்த கூட்டுப்படம். நடுவில் நாற்காலியில் தோட்டத் துரை அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் கிராணிமார் நிற்கிறார்கள். பின்னால் மூன்று வரிசைகளில் நாற்பது பேர் போலத் தொழிலாளர்கள். படத்தின் அடியில் துரையின் பெயரும் ஆண்டும் மட்டும் அச்சிடப்பட்டிருந்தன.

“இதுதான் எங்க அப்பா. இது எங்க பெரியம்மா. இந்த அண்ணன் என் பக்கத்து நிரையில மரம் வெட்டுனவரு. இவரு தண்டலு” என்று பாட்டி ஒவ்வொரு முகமாக விரலை வைத்துச் சொல்லிக்கொண்டே போனார். மாணவி ஒருத்தி எண்ணிட்டு எழுதினாள். பதினான்கு பெயர்கள் வந்தன. பதினைந்தாவது முகத்தில் பாட்டியின் விரல் நின்றது. “தெரிஞ்ச முகந்தான். பேரு வரமாட்டேங்குதே” என்றார். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். அப்போதும் வரவில்லை. “ரெண்டு வருசத்துக்கு முன்னால வந்திருந்தா எங்க வீட்டுக்காரரு எல்லாரையும் சொல்லியிருப்பாரு” என்றார்.

அந்த இரண்டு ஆண்டுகளை நாம் எங்கும் போய் வாங்க முடியாது. எஞ்சிய இருபத்தைந்து பேர் இனி அந்தப் படத்தில் முகங்களாக மட்டுமே இருப்பார்கள். நான் அவசரப்படுவதற்குக் காரணம் இதுதான்.

தோட்டங்கள் மாறுவது புதிதன்று. நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆங்கிலேயர்கள் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். அவை துண்டாடப்பட்டுக் கைமாறின. வேலையும் வீடும் ஒருசேர இழந்த தொழிலாளர்கள் பலர். அந்த நெருக்கடியில்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு செலுத்தித் தோட்டங்களை வாங்கினர். அதன்பின் ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. ரப்பர் மரத்தை அடிக்கடி வெட்ட வேண்டும். செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை. ஆகவே, லயங்கள் மெல்ல மெல்லக் காலியாயின. இன்று புஞ்சாக் ஆலம் போன்ற புதிய நகரங்கள் கோலசிலாங்கூர் மாவட்டத்துக்குள் வளர்ந்து நிற்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கு நம்மை நோக்கி நகர்ந்து வருகிறது. நகரம் வருவதற்குள் ஊரைப் பார்த்துவிட வேண்டும்.

தமிழ்ப்பள்ளிகளே இதற்குச் சான்று. விடுதலை பெற்ற 1957-ஆம் ஆண்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530 உள்ளன. பள்ளி மூடப்பட்டதும் அதன் கட்டடம் என்ன ஆனது, மணி எங்கே போனது, கடைசி வகுப்பில் எத்தனை பேர் படித்தார்கள் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைகளின் நினைவில் மட்டுமே இருக்கும். இடம் மாறிப் பட்டணத்துக்கு வந்த பள்ளிகள் பல இன்னும் பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று அங்குப் படிக்கும் மாணவர்களுக்குச் சொல்ல ஒரு படமாவது வேண்டாமா?

இதற்கு ஏன் நடக்க வேண்டும், மகிழுந்தில் போனால் ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். நான் மகிழுந்தில் ஜெராமைப் பலமுறை கடந்திருக்கிறேன். ‘சுங்கை செம்பிலாங்’ என்ற பெயர்ப்பலகையையும் பார்த்திருக்கிறேன். அது எனக்கு ஒரு பலகை மட்டுமே. ஒரு காலையில் நடந்து போனபோதுதான் அது ஓர் ஊராயிற்று. நீர் வற்றிய நேரம். படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. வலையைச் சரிசெய்துகொண்டிருந்த முதியவர், செம்பிலாங் என்பது கெளுத்தி இனத்து மீன் என்றும், அதன் முள் குத்தினால் கடுப்பு இலேசில் தீராது என்றும் சொல்லித் தம் கைத் தழும்பைக் காட்டினார். நான் அந்தக் கையைப் படம் எடுத்தேன். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்கு அந்தத் தழும்பு தெரியாது. நடப்பவன் நிற்கலாம், நிற்பவனிடம்தான் மனிதர்கள் பேசுவார்கள்.

இப்படி நடந்தே ஒரு பெரும் நகரத்தைக் காப்பாற்றியவர் ஒருவர் உண்டு. யூஜின் அட்ஜே என்பது அவர் பெயர். பாரிஸ் மாநகரம் பழைய தெருக்களை இடித்துப் புதுக்கோலம் கொண்டிருந்த காலத்தில், 1890-களின் பிற்பகுதியிலிருந்து 1927-இல் இறக்கும்வரை, கனமான மரப் படக்கருவியையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து அதிகாலைகளில் நடந்தார். புகழ்பெற்ற கோபுரத்தைத் தேடி அவர் போகவில்லை. குறுகிய சந்துகள், கடை முகப்புகள், படிக்கட்டுகள், கந்தல் பொறுக்குவோரின் குடிசைகள் ஆகியவற்றைப் படம் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் இடத்தின் பெயரையும் எண்ணையும் குறித்தார். 1920-இல் 2,600-க்கும் மேற்பட்ட தகடுகளை அரசு அவரிடமிருந்து வாங்கியது. இன்று பழைய பாரிஸ் எப்படி இருந்தது என்று அறிய விரும்புவோர் அவருடைய படங்களைத்தான் தேடுகிறார்கள். அவர் எடுத்த பல சந்துகள் இப்போது இல்லை.

நம் மொழி பேசுவோரிடையே இதே வழியில் உழைப்பவர் தமிழ்நாட்டின் மா. பழனிகுமார். தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து படம் எடுத்து வருபவர். அவர் தாம் மட்டும் படம் எடுப்பதோடு நிற்கவில்லை. மீனவர், தூய்மைப் பணியாளர் குடும்பங்களைச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் படக்கருவியைக் கையாளக் கற்றுக்கொடுக்கிறார். அந்தப் பிள்ளைகள் தங்கள் தெருவையும் தங்கள் பெற்றோரின் வேலையையும் தாங்களே படம் எடுக்கிறார்கள். வெளியிலிருந்து வருபவருக்குத் தெரியாத எத்தனையோ செய்திகள் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். தோட்டத்துப் பேரப்பிள்ளைகளான உங்களுக்கும் இது பொருந்தும்.

என் கருத்தை மறுப்பவர்கள் உண்டு. “வறுமையைப் படம் எடுத்துக் காட்டுவது நமக்கு அவமானம் அல்லவா?” என்கிறார்கள். இந்த ஐயத்தில் நியாயம் இருக்கிறது. ஒழுகும் கூரையையும் கிழிந்த சட்டையையும் மட்டும் தேடிப் படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் இரக்கம் சேர்ப்பது தவறுதான். அந்தப் பாட்டி முகம் கழுவி, சேலை மாற்றி வந்ததை நினைத்துப் பாருங்கள். தாம் எப்படிக் காணப்பட வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். அந்த முடிவை மதித்து எடுக்கும் படத்தில் அவமானம் எதுவும் இல்லை. கேட்காமல் எடுப்பதுதான் அவமானம்.

“போனது போகட்டும், முன்னேற்றத்தைப் பாருங்கள்” என்று வேறு சிலர் சொல்வார்கள். லயங்கள் அப்படியே இருக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். வெளிக்கழிவறையும் பொதுக்குழாயும் கொண்ட வாழ்க்கையை அழகு என்று பாடுவது, அதில் வாழாதவர்களின் வேலை. சொந்த வீட்டுக்காகத் தோட்ட மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். அது கிடைத்தால் மகிழ வேண்டும். ஆனால், புது வீட்டுக்குக் குடிபோகிறவர் பழைய பெட்டியில் இருக்கும் பத்திரங்களை எறிந்துவிட்டுப் போவதில்லை. நம் முன்னோர் இந்நாட்டை உருவாக்க உழைத்தார்கள் என்று மேடையில் சொல்கிறோம். அதற்குரிய பத்திரங்கள் அந்தப் படங்களும் பெயர்களும்தாம்.

“மாணவர்கள் ஏற்கெனவே கைப்பேசிக்கு அடிமை, நீங்கள் வேறு தூண்டிவிடுகிறீர்களா?” என்று பெற்றோர் கேட்கலாம். கைப்பேசியோடு அறையில் அமர்ந்திருக்கும் பிள்ளையை அதே கைப்பேசியோடு வெயிலில் நடக்கவைத்து, மூத்தோர் ஒருவரோடு அரைமணி நேரம் பேசவைக்க முடியும் என்றால், அந்தக் கருவி அன்று நல்ல வேலை செய்திருக்கிறது.

எப்படித் தொடங்குவது? தனியாகப் போக வேண்டாம். நான்கைந்து பேராக, ஆசிரியரோ பெற்றோரோ உடன்வரப் போங்கள். தோட்டம் தனியார் நிலம். அலுவலகத்தில் அனுமதி பெறுங்கள். குலை அறுக்கும் இடத்தில் மரத்தடிக்குப் போகாதீர்கள். காலை எட்டு மணிக்கு முன் வெளிச்சம் இதமாக இருக்கும். நண்பகலில் முகங்களில் நிழல் கறுத்து விழும். எடுத்த எடுப்பிலேயே மனிதர்களை நோக்கிக் கருவியை நீட்டாதீர்கள். முதலில் வணக்கம் சொல்லுங்கள். தாத்தா, பாட்டி, அண்ணன், அக்கா என்று முறை வைத்துப் பேசுங்கள். “வேண்டாம்” என்று சொன்னால் நன்றி சொல்லி நகருங்கள். சிறுவர்களைப் படம் எடுக்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்.

கோவில், நீர்த்தொட்டி, பெரிய மரம் போன்ற இடம்பெயராத ஒன்று படத்தில் இருக்கட்டும். ஐந்தாண்டு கழித்து அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுத்தால், மாற்றம் தானே தெரியும். அன்று மாலையே குறிப்பை எழுதிவிடுங்கள். படத்தில் இருப்பவர் யார், இடம் எது, நாள் என்ன, இந்தச் செய்தியைச் சொன்னவர் யார் என்னும் நான்கு வரிகள் போதும். கைப்பேசி தொலைந்தால் படமும் தொலையும். ஆகவே, இன்னோர் இடத்திலும் சேமித்துவையுங்கள். முடிந்தால் ஒரு படியைப் பள்ளி நூலகத்தில் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று மிக முக்கியம். எடுத்த படத்தை அச்சிட்டு, உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

எங்கள் மாணவர்கள் அப்படித்தான் செய்தார்கள். மூன்று வாரம் கழித்து மீண்டும் அந்த லயத்துக்குப் போனோம். பாட்டியின் படத்தையும், பழைய கூட்டுப்படத்தின் நகலையும், அதன்கீழ் பதினான்கு பெயர்களைத் தட்டெழுதிய தாளையும் ஒரே சட்டத்தில் இட்டுக் கொடுத்தார்கள். பாட்டி தம் படத்தைப் பார்க்கவே இல்லை. பெயர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மாணவி ஒவ்வொன்றாகப் படித்தாள். முடிந்ததும் பாட்டி, “பதினஞ்சு போட்டுக்கம்மா. அந்தப் பேரு நேத்து ராத்திரி ஞாபகம் வந்துச்சு” என்றார்.

மாணவி பேனாவை எடுத்து எழுதினாள். உங்கள் ஊரிலும் பதினைந்தாவது பெயரைத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். வரும் சனிக்கிழமை அவரைப் பார்க்க நடந்து போங்கள்.